உதவித்தொகையில் கடல் கடந்த கணித மேதை

ராமானுஜன் என்றதும் நம்ம எல்லாருக்கும் 1729 என்ற எண்தான் ஞாபகத்துக்கு வரும். டிசம்பர் 22, தேசிய கணித தினத்தில் மேடை ஏறினால் எல்லாரும் அதைத்தான் பேசுவோம். ஆனா அவர் வாழ்க்கையே உதவித்தொகையைச் சுற்றி நடந்த கதை என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கையைவிட்டுப் போனது

சீனிவாச ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ல் ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். மாசம் சுமார் 20 ரூபாய் சம்பளம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி, வீட்டில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டு, அதில் வந்த காசில் குடும்பத்தைத் தாங்கினார்.

பள்ளியில் ராமானுஜனுக்குக் கணக்கில் பரிசு மேல் பரிசு. 1904-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. இங்கேதான் தப்பு நடந்தது. வரலாறு வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் அவர் கை கணக்குத்தான் போட்டது. ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தோல்வி. உதவித்தொகை ரத்து!

கல்லூரிக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். அப்பாவுடைய ஒன்றரை மாச சம்பளம் அது. அம்மா நேராகக் கல்லூரி முதல்வரிடமே போய் நியாயம் கேட்டுப் பார்த்தார். விதி விதிதான் என்று ஆகிவிட்டது. 1905 ஆகஸ்டில், 17 வயதுப் பையன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். தேர்வில் தோற்றால் வீட்டுக்குப் போகப் பயப்படுகிற பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள் அல்லவா? அவரும் அப்படி ஒரு பிள்ளைதான்.

பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது எஃப்.ஏ. என்ற தேர்வு, இப்போதைய பிளஸ் டூ மாதிரி. கணக்கைத் தவிர மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. அதிலும் தோல்வி. கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும்தான். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதுவாராம்.

நம்ம பக்கத்து விழுப்புரம் வழியாக

1909-ல் ஜானகி அம்மாளுடன் திருமணம். இனி சம்பாதிக்க வேண்டும். 1910-ல் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார். எங்கே தெரியுமா? நம்ம விழுப்புரத்துக்கு! அங்கே இறங்கி, வேறு ரயில் மாறி திருக்கோவிலூர் போனார். அப்போது நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி.ராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தார். ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை, அவ்வளவுதான்.

நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இந்தப் பையனைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைத்தால் அவன் திறமை வீணாகிவிடும் என்று நினைத்தார். வேலை தரவில்லை. பதிலாக, சென்னையில் கணக்குத் தெரிந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கு வேலை கிடைத்திருந்தால் நமக்கு ராமானுஜன் என்ற பெயரே தெரியாமல் போயிருக்கும்!

நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ஆனா அடுத்தவர் காசில் ரொம்ப நாள் சாப்பிட ராமானுஜனுக்கு மனசு வரவில்லை. 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

விதி வளைந்தது

1913 ஜனவரி 16-ம் தேதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் போட்டார். அதில் பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். அதற்கு முன் வேறு சில ஆங்கிலேயப் பேராசிரியர்களுக்கும் எழுதியிருந்தார், பயனில்லை. ஹார்டி மட்டும் உட்கார்ந்து படித்தார். வியந்துபோய்ப் பதில் போட்டார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிப்படி அதை முதுகலைப் பட்டம் பெற்றவருக்குத்தான் தர வேண்டும். இவரோ எஃப்.ஏ. கூடத் தேறாதவர்! ஆனாலும் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் போன்றவர்கள் பரிந்துரைத்தார்கள், பல்கலைக்கழகம் சம்மதித்தது. ஒரு விதி அவரைக் கல்லூரியை விட்டு வெளியே தள்ளியது. சுமார் எட்டு வருஷம் கழித்து இன்னொரு விதி அவருக்காக வளைந்து கொடுத்தது.

கடல் தாண்டிய உதவித்தொகை

ஹார்டி கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போவது பாவம் என்று அவர் குடும்பத்தில் நம்பினார்கள். முதலில் போகவில்லை. 1914-ல் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் சென்னைக்கு வந்து பேசினார். கடைசியில் அம்மாவும் சம்மதித்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கியது. கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. அன்று ஒரு பவுன் 15 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,750 ரூபாய்! துறைமுகத்தில் அவர் வருஷச் சம்பளம் 360 ரூபாய்தான். இந்த 250 பவுனில் 50 பவுன் கும்பகோணத்தில் குடும்பச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

1914 மார்ச் 17-ல் கப்பல் புறப்பட்டது. அதற்கு முன்பே குடுமியை வெட்ட வேண்டியிருந்தது. மனைவியும் உடன் போகவில்லை. போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. சைவச் சாப்பாட்டுக்குக் காய்கறி கிடைப்பதே கஷ்டம், குளிர் வேறு. தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஆராய்ச்சி செய்தார். 1916-ல் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் பெற்றார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆன முதல் இந்தியரும் அவரே. ஆனால் 1917 முதல் உடம்பு சரியில்லை. நாளெல்லாம் மருத்துவமனையில் கழிந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன்

அவர் ஊர் திரும்பும் நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடி ஆண்டுக்கு 250 பவுன், ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாக முடிவு செய்தது. 1919 ஜனவரியில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ராமானுஜன் நன்றிக் கடிதம் எழுதினார். நோயில் படுத்திருந்த அந்த மனிதர் என்ன கேட்டார் தெரியுமா? இந்தப் பணம் தனக்கு அதிகம் என்றார். இங்கிலாந்துச் செலவு போக, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போக, தன் அவசியத் தேவைக்கும் போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டார்.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த 32 ரூபாயை அவர் மறக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். படுக்கையிலும் புதுக் கணக்குகள் எழுதினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. ஐந்து ஆண்டு உதவித்தொகையை அனுபவிக்க ஆயுள் இல்லை.

நண்பர்களே! நான் கற்றுக்கொண்டது மூன்று. ஒன்று, பிடித்த பாடம் மட்டும் போதாது, மற்றதிலும் பாஸாக வேண்டும். எல்லாருக்கும் விதி வளையாது! இரண்டு, கேட்காமல் எதுவும் வராது. அவர் எத்தனை கடிதம் போட்டார்! எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு முதல், வெளிநாட்டில் மேல்படிப்புக்கு அரசு தரும் உதவித்தொகை வரை நிறைய இருக்கின்றன. கூச்சப்படாமல் ஆசிரியர்களிடம் கேளுங்கள். மூன்று, கிடைத்ததில் கொஞ்சம் அடுத்தவருக்கு. நம்மிடம் பவுன் இல்லை. ஆனா போன வருஷ கைடும் நோட்ஸும் இருக்குல்ல? பழைய பேப்பர் கடையில் போடாமல் கீழ்வகுப்புத் தம்பி, தங்கைகளுக்குக் கொடுப்போமே!

யோசிங்க: 1729-ஐ இரண்டு கன எண்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுத முடியும். எப்படி? விடை அடுத்த இதழில்.