பண்டிதர் அயோத்திதாசர் என்னும் நூலாசிரியர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முடித்து நம் சங்க வாசகசாலைக்கு வரும் இளைஞர் சிலர், குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதை நாம் பல காலமாகக் கண்டு வருகிறோம். அருகே சென்றால் மூடிவிடுகிறார்கள். நூல் எழுதும் ஆசை உண்டாம். ஆனால் நேரமில்லை, பட்டமில்லை, அச்சிடுவார் இல்லை என்கிறார்கள். அவர்கள் பொருட்டே பண்டிதர் அயோத்திதாசரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் எழுதத் துணிந்தோம். அவருடைய சமுதாயத் தொண்டினை நம்மவர் ஓரளவு அறிவர். அவர் நூலாசிரியரான விதத்தை அறிந்தோர் சிலரே.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணியாற்றியவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அவர் அந்தத் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்று பண்டிதரே பதிவு செய்துள்ளார். சமையற்கட்டில் உழைத்தவர் வீட்டிலும் சுவடி இருந்தது என்பதைப் பேரன் எழுதி வைத்திராவிடில் நாம் அறிந்திருப்போமா?

பண்டிதரின் தொழில் சித்த வைத்தியம். தமிழோடு பாலி, வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்றிருந்தார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இவையெல்லாம் தனித்தனியே விரித்துரைக்கத் தக்கவை; இங்கே கடந்து செல்கிறோம்.

1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், புதன்கிழமையன்று, அவர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு! இருபத்தைந்து வயதில் காலம் கடந்துவிட்டதென்று வருந்தும் நம் தம்பிமார் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நான்கே பக்கங்கள். விலை, பெயரிலேயே இருந்தது. மறு ஆண்டு பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது, உழைப்போ சுருங்கவில்லை. 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறையும் வரை, ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் வாரந்தோறும் எழுதினார்.

அவருடைய பெருநூல்கள் இவ்வாரப் பக்கங்களிலேதான் வளர்ந்தன. புத்தரது ஆதிவேதம் இதழில் தொடராக வந்து, 1912இல் நூலாயிற்று. இந்திரர் தேச சரித்திரமும் தொடராக வந்ததே. நானூறு பக்கம் எழுதவேண்டும் என்று நினைத்தால் எவருக்கும் கை நடுங்கும். அடுத்த புதன்கிழமைக்குரிய பக்கத்தை எழுதவேண்டும் என்றால் கை நடுங்க இடமில்லை, அச்சுக்கூடத்தார் காத்திருப்பார்கள். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தில்தான் அவர் எழுதினார் என்பதையும் மறத்தலாகாது.

எழுதும்போது அவர் வெறும் கருத்தை மட்டும் சொல்லிச் செல்லவில்லை. மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள், முதியோர் வாய்மொழி என ஆதாரத்தைப் பக்கத்திலேயே வைத்தார். வாசகர் ஐயங்களுக்கு இதழிலேயே விடை எழுதினார். அவர் சொற்களைப் பிரித்துப் பொருள் கூறிய முறை அனைத்தையும் இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. நாமும் அதனை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் எங்கிருந்து பெற்றோம் என்று காட்டும் அவ்வழக்கத்தை எழுதப் புகுவோர் முதல் நாளே கைக்கொள்ள வேண்டும். உங்கள் பாட்டி சொன்ன செய்தியாயின் பாட்டியின் பெயர், ஊர், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவ்விதழைத் தாங்கி நின்றோர் யார்? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த நம்மவரும் அவருள் முதன்மையானவர். மாரிக்குப்பத்தில் எம். ஒய். முருகேசர், இ. குருசாமி முதலியோர் பௌத்த சங்கக் கிளை அமைத்து, சந்தாவும் நன்கொடையும் திரட்டினர். பண்டிதர் மறைந்தபின், அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே 'தமிழன்' இதழை நடத்தினார். அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டுவிட்டன. நூல்கள் இருக்கின்றன. ஆலைத் தொழிலாளர் வாழும் நம் பகுதியில் அச்சிடுவார் இல்லை என்று கூறுவோர், சுரங்கத் தொழிலாளர் செய்ததை நினைவிற் கொள்வாராக.

எனினும் அந்நூல்கள் பல்லாண்டு காலம் பொதுமக்கள் கண்ணுக்கு மறைந்தே கிடந்தன. தமிழிதழ் வரலாறு எழுதியோர் பலர் அவரைக் குறிப்பிடவுமில்லை; அது நம் நெஞ்சில் இன்றும் ஆறாத புண்ணே. அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் பழுப்பேறிய இதழ்களைப் பேணி வைத்திருந்தார்கள். அவ்வாறு எஞ்சியவற்றைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள், 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழியாக இரு தொகுதிகளாக வெளிவந்தது. மூன்றாம் தொகுதி 2003இல் வந்தது. பண்டிதர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே தமிழுலகம் அவரை மீண்டும் படிக்கத் தொடங்கிற்று.

பாட்டனார் வீட்டுச் சுவடியாக இருந்த அதே குறளுக்கு அவர் எழுதிவந்த உரை, அவர் மறைவால் பாதியில் நின்றுபோயிற்று. அவ்வுரையைக் காண விரும்புவோர் மேற்கூறிய தொகுதிகளைத் தேடிப் படிக்கலாம். வாசகசாலையின் இரும்பு அலமாரியில் ஒரு தட்டினை உங்கள் குறிப்பேடுகளுக்கென ஒதுக்கியுள்ளோம். எழுதியதில் இரண்டு படி எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றொன்றை ஞாயிறு மாலை கொண்டு வாருங்கள், கூடியிருந்து படித்துப் பார்ப்போம்.