அண்ணன் சம்பளத்தில் கப்பலேறிய அல்லாமா

வத்தல்மலையில் காபியும் சாமையும் பயிரிடும் குடும்பமோ, கீழே தர்மபுரியில் கடை வைத்திருக்கும் நம் குடும்பமோ, பிள்ளையை வெளிநாட்டில் இலக்கியம் படிக்க அனுப்பக் கணக்குப் போட்டால் மலைத்துத்தான் போவோம். டாக்டர் படிப்பு என்றால் கடனாவது கிடைக்கும். கவிதைக்கு யார் தருவார்?

அல்லாமா இக்பால் (ரஹ்) 1877இல் சியால்கோட்டில் பிறந்தார். தந்தை ஷேக் நூர் முஹம்மது தையல் வேலை செய்தவர். 1899இல் லாகூரில் எம்.ஏ. முடித்து அங்கேயே ஆசிரியரானார். 1905இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவர் இரு பிள்ளைகளின் தகப்பன். செலவுக்குக் கை கொடுத்தவர், ராணுவப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்த அண்ணன் அதா முஹம்மது.

மேற்படிப்புக்குத் தூண்டியவர் லாகூர் ஆசிரியர் தாமஸ் ஆர்னால்டு. சேர்ந்ததோ கேம்பிரிட்ஜில். ஆனால் அன்றைக்கு கேம்பிரிட்ஜ் பிஎச்.டி. பட்டமே தரவில்லை! எனவே பாரசீகச் சிந்தனை மரபு பற்றிய ஆய்வை ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். ஆங்கிலத்திலேயே எழுத அனுமதித்தார்கள். அங்கே தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதியையும் தளர்த்தினார்கள். காசை எண்ணிச் செலவழிக்கும் நமக்கு இது சாமர்த்தியமான தேர்வாகவே படுகிறது. 1907இல் டாக்டர் பட்டம், 1908இல் லண்டனில் பாரிஸ்டர். மூன்றே ஆண்டுகள்.

ஊர் திரும்பியதும் அலிகரில் பேராசிரியர் பதவி தேடி வந்தது. அதை மறுத்து லாகூரில் வக்கீல் தொழில் நடத்தினார். 1909இல், நாட்டை விட்டே போய்விடலாமா என்று மனம் வெறுத்திருந்தார். அண்ணனுக்குப் பட்ட நன்றிக்கடன்தான் தடுக்கிறது என்று தோழி அதிய்யா ஃபைஜிக்கு எழுதினார்.