மூளைக்கு எண் கொடுத்தவர்



பக்கவாதம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால் முதலில் தலையை சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். சில ரிப்போர்ட்டுகளில் ஒரு எண்ணும் பக்கத்தில் எச்.யு. என்ற எழுத்துகளும் இருக்கும். அது ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட். ஒரு மனிதரின் பெயர்.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு 1919 ஆகஸ்ட் 28-ல் இங்கிலாந்தின் நியூவார்க் பகுதியில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசி. தானே செய்த கிளைடரோடு வைக்கோல் போர் மேலிருந்து குதித்த பையன். பள்ளியில் கணக்கும் பௌதிகமும் தவிர மற்றதில் சுமார்தான். உலகப் போரின்போது விமானப்படையில் ரேடார் வேலை, பிறகு ஒரு டிப்ளமோ. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது.

நம் வீடுகளில் நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டு சுழன்றதே, அந்தக் கம்பெனியின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யில் பொறியாளராகச் சேர்ந்தார். 1967-ல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதை நான் பேங்க் பாஷையில் சொல்கிறேன். ஒரு ஸ்டேட்மெண்டில் கட்டங்களில் இருந்த தொகையெல்லாம் அழிந்துவிட்டது. ஓரத்தில் கூட்டல் மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்கும் மட்டும் போதாது. சாய்வாகவும் பல பக்கத்துக் கூட்டல் கிடைத்தால் ஒவ்வொரு கட்டத்தையும் திரும்ப எழுதிவிடலாம். எக்ஸ்ரே ஒவ்வொரு கோட்டிலும் தலையைக் கடந்து வரும்போது கொண்டு வருவது அந்தக் கூட்டல்தான். கட்டங்களை நிரப்புவது கம்ப்யூட்டர்.

முதல் சோதனைக்கு ஒரு பழைய கடைசல் இயந்திரத்தின் படுகையைப் பயன்படுத்தினார். ஒரு படத்துக்கு 9 நாள் பிடித்தது! சோதனைக்காக மாட்டு மூளையைப் பையில் போட்டுக்கொண்டு லண்டனில் பஸ், ரயிலில் போய் வந்தாராம். 1971 அக்டோபர் 1-ல் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் டாக்டர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸுடன் சேர்ந்து முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார். அந்தப் பெண்ணின் மூளைக் கட்டி படத்தில் தெரிந்தது. 1979-ல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசு.

அவர் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூளைத் திசு சுமார் 25-லிருந்து 40 வரை. பக்கவாதத்தில் ரத்தம் போகாத இடத்தில் நீர் ஏறும். நீர் 1 சதவீதம் கூடினால் எண் ஏறக்குறைய 2.5 குறைகிறது, அந்த இடம் படத்தில் கருக்கிறது. ஆரம்ப மணி நேரங்களில் இது தெரியாமலும் போகலாம். ஆனால் மூளையின் நடுத் தமனி ரத்தம் கொடுக்கும் பகுதியில் பாதிக்கு மேல் சீக்கிரமே கருத்திருந்தால், ஆபத்தான வீக்கம் வரலாம் என்று டாக்டர்கள் உஷாராகிறார்கள். மண்டையோடு விரியாது. வீங்கும் பாதி நடுக்கோட்டைத் தாண்டி மறுபாதியை அழுத்தும்.

நாம் கவனிக்க வேண்டியது இங்கேதான். வீக்கம் முதல் நாளோடு நிற்பதில்லை. பெரும்பாலும் 2-லிருந்து 5-ஆம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகிறது. கண்டம் தாண்டியது என்று நாம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும் நேரம் அது. அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். தூக்கக் கலக்கம் கூடினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுக்கும் ஆபரேஷன் உண்டு. 60 வயது வரை உள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் செய்த ஐரோப்பிய ஆய்வுகளை 2007-ல் தொகுத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் இல்லாமல் ஓராண்டு கழித்து 100-க்கு 29 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். செய்தவர்களில் 78 பேர். பிழைத்தவர்களில் பலருக்கு அன்றாடம் பிறர் துணை வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. குடும்பம் கூடி முடிவெடுக்க அவகாசம் அவ்வளவுதான். அந்த அவகாசமே ஸ்கேனால் கிடைப்பது.

1981-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு சர் பட்டம் கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீண்ட நடை, தானே கற்ற பியானோ, இவைதான் பொழுதுபோக்கு. 2004 ஆகஸ்ட் 12-ல் காலமானார். 85 நிறைய 16 நாள் பாக்கி.