நான்கு முறை இரண்டாம் இடம்



நம் குடியிருப்பு விளையாட்டு விழா முடிந்த மறுநாள் காலை பேப்பர் படிக்கச் சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேஜை மேல் ஒரு சின்னக் கோப்பை கேட்பாரற்றுக் கிடந்தது. சிறுவர் கால்பந்தில் இரண்டாவதாக வந்த அணிக்குக் கொடுத்த கோப்பை. தோற்ற அணியின் கேப்டன் அதை வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன் என்று அங்கேயே வைத்துவிட்டுப் போனானாம். செக்யூரிட்டிக்காரர் சொன்னார்.

அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் ஒருவர் கதை இருக்கிறது. நேரில் சொன்னால் தாத்தா அறுக்கிறார் என்று ஓடிவிடுவான். அதனால் இங்கே எழுதுகிறேன். பெற்றோர் படித்துச் சொன்னால் போதும்.

அவர் பெயர் சில்வியோ பியோலா. இத்தாலிக்காரர். 1913 செப்டம்பர் 29 அன்று ரோப்பியோ என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்தில் இருக்கும் வெர்செல்லி நகரில். இத்தாலியின் வடக்கே உள்ள அந்தப் பகுதியில் எங்கு பார்த்தாலும் நெல் வயல்கள். ஐரோப்பாவில் இவ்வளவு நெல்லா என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வெர்செல்லி சின்ன ஊர்தான், ஆனால் அதன் கால்பந்து கிளப்பான ப்ரோ வெர்செல்லி 1908 முதல் 1922 வரை ஏழு முறை இத்தாலியின் சாம்பியன். பியோலா அந்தக் கிளப்பில் சேர்ந்து, 1930-ல் தன் 16-வது வயதில் முதல் டிவிஷனான சீரி ஏ-யில் ஆட வந்தார். ஆனால் அதற்குள் கிளப்பின் நல்ல காலம் முடிந்திருந்தது. பெரிய நகரக் கிளப்புகள் பணம் போட்டு வளர, உள்ளூர்ப் பையன்களை நம்பிய ஊர் பின்தங்கிவிட்டது. அப்படிப்பட்ட அணியில் இருந்துகொண்டு அவர் 51 கோல் போட்டார். 1933-ல் ஃபியோரென்டினாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல். சீரி ஏ-யில் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்ட இன்னொருவர் ஒமர் சீவோரி மட்டுமே. அது நடந்தது 1961-ல்.

1934-ல் ரோம் நகரத்து லாசியோ கிளப் பியோலாவை வாங்கியது. அவர் போன அந்த சீசன் முடிவிலேயே ப்ரோ வெர்செல்லி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. இன்று வரை அது முதல் டிவிஷனுக்குத் திரும்பவில்லை.

1935-ல் இத்தாலி தேசிய அணிக்காக வியன்னாவில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரியாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். 1938-ல் பிரான்ஸில் உலகக் கோப்பை. நார்வேக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வெற்றி கோல், பிரான்ஸுக்கு எதிராக இரண்டு கோல். பிரேசிலுடன் அரையிறுதியில் அவரை எதிரணி வீரர் காலால் உதைத்ததற்குக் கிடைத்த பெனால்டியை மெயாட்சா கோலாக்கினார். ஹங்கேரியை 4-2 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் மறுபடி இரண்டு. ஆக மொத்தம் ஐந்து கோல், கையில் உலகக் கோப்பை. அப்போது அவருக்கு வயது 24. அடுத்த இரண்டு உலகக் கோப்பைகளையும் யுத்தம் தின்றுவிட்டது.

முப்பத்து மூன்று வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். வரவை மட்டும் எழுதி செலவை மறைத்தால் கணக்கு டேலி ஆகாது. 1939-ல் மிலன் நகரில் இங்கிலாந்துடன் நடந்த ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அதில் பியோலா பந்தைக் கையால் தட்டி ஒரு கோல் போட்டார். நடுவர் கவனிக்கவில்லை, கோல் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து பியோலாவே அதைக் கையால் போட்டதாக ஒப்புக்கொண்டார். தாமதமாக ஒப்புக்கொண்டாலும் அது ஒரு கணக்குத் திருத்தம்தான்.

இப்போது நம் பையனின் விஷயத்துக்கு வருகிறேன். உலகக் கோப்பை வென்ற இவர், சொந்த நாட்டு லீக்கில் முதல் டிவிஷன் சாம்பியன் பட்டத்தை ஒரு முறைகூட வெல்லவில்லை.

1937-ல் லாசியோ இரண்டாம் இடம். அந்த வருடம் லீக்கில் அதிக கோல் போட்டவர் பியோலாதான், 21 கோல். 1943-லும் அதே 21 கோலுடன் அவரே முதலிடம். அந்த ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இரண்டாகப் பிளந்தது. வடக்கே இருந்த அவரால் ரோமுக்குத் திரும்பி ஆட முடியவில்லை. 1944-ல் டுரின் நகரின் டோரினோ அணிக்கு ஆடினார். வாலன்டீனோ மட்சோலா உள்ளிட்ட பலம் வாய்ந்த அணி. அந்த யுத்த காலப் போட்டியில் பட்டத்தைத் தட்டிப் போனது யார் தெரியுமா? ஸ்பெட்சியா நகரத் தீயணைப்பு வீரர்களின் அணி! டோரினோவுக்கு இரண்டாம் இடம். யுத்தம் முடிந்ததும் யுவென்டஸில் சேர்ந்தார். 1946-ல் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போனது. 1947-லும் இரண்டாம் இடம். இரண்டு முறையும் முந்தியது அவர் விட்டு வந்த அதே டோரினோ.

ஆக நான்கு முறை இரண்டாம் இடம். வயது 34 ஆகப் போகிறது. ஸ்ட்ரைக்கராக ஓடி ஓடி ஆடுகிறவருக்கு அந்தக் காலத்தில் அது ஓய்வு பெறும் வயது. யுவென்டஸும் அவரை விட்டுவிட்டது.

அப்போது அவர் எடுத்த முடிவுதான் எனக்குப் பிடித்தது. வெர்செல்லிக்குப் பக்கத்து ஊரான நோவாராவின் கிளப்பில் சேர்ந்தார். அது இரண்டாவது டிவிஷனான சீரி பி-யில் இருந்த அணி. உலகக் கோப்பை வென்றவர், ஒரு படி கீழே இறங்கி, சிறிய மைதானங்களில் ஆடத் தயங்கவில்லை. 1947-48 சீசனில் 16 கோல் போட்டார். நோவாரா தன் பிரிவில் முதலிடம் பிடித்து மேல் டிவிஷனுக்கு ஏறியது. பியோலா வாழ்க்கையில் பெற்ற ஒரே லீக் பட்டம் இந்தக் கீழ் டிவிஷன் பட்டம்தான்.

1949 மே மாதம் சூப்பர்கா குன்றில் நடந்த விமான விபத்தில் டோரினோ அணி முழுவதும் மாண்டது. மட்சோலாவும், 1944-ல் பியோலாவுடன் ஆடிய வேறு சிலரும் அதில் இருந்தார்கள். அவரைவிட இளையவர்கள். அவரை முந்திப் பட்டம் வென்றவர்கள்.

பியோலா நோவாராவிலேயே இருந்து தொடர்ந்து ஆடினார். சீரி ஏ-யில் அந்தச் சின்ன ஊருக்காக மட்டும் 70 கோல். 1951-52-ல் 38 வயதில் 18 கோல் போட்டு அணியை எட்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து, பல ஆண்டுகளாக மறந்திருந்த தேசிய அணி அவரை மறுபடி கூப்பிட்டது. 1952 மே மாதம் ஃபுளோரன்ஸில் இங்கிலாந்துடன் கடைசி சர்வதேச ஆட்டம், 1-1. நாட்டுக்காக 34 ஆட்டம், 30 கோல். 1954-ல் 40 வயதில் ஆட்டத்தை நிறுத்தினார். அவர் போன இரண்டு வருடத்தில் நோவாரா கீழே இறங்கியது. திரும்ப மேலே வர 55 வருடம் ஆனது, 2011-ல்.

சரி, மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்போம். வெர்செல்லி 51, லாசியோ 143, யுவென்டஸ் 10, நோவாரா 70. கூட்டினால் 274. யுத்தம் முடிந்த கையோடு தனி முறையில் நடந்த 1945-46 போட்டியின் கோல்கள் இதில் சேரவில்லை. சீரி ஏ வரலாற்றில் அதிக கோல் என்ற இந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ரோமின் பிரான்சிஸ்கோ டோட்டி 2017-ல் ஓய்வு பெற்றபோது 250 வரைதான் வந்திருந்தார். 34 வயதில் கௌரவம் பார்த்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் பியோலாவின் கணக்கு 204-லேயே முடிந்திருக்கும். டோட்டியே தாண்டியிருப்பார்.

பியோலா 1996 அக்டோபர் 4 அன்று கட்டினாரா என்ற ஊரில், 83 வயது முடிந்த சில நாட்களில் காலமானார். இன்று வெர்செல்லி, நோவாரா இரண்டு ஊர்களிலும் கால்பந்து மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

பட்டம் பதினோரு பேர் சேர்ந்து வாங்குவது. அது கிடைப்பதும் கிடைக்காததும் ஒருவர் கையில் மட்டும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு வருவது மட்டும்தான் நம் கையில். பணி ஓய்வுக்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்கும் என் போன்றவர்களும் இதை யோசிக்கலாம்.

கோப்பையைத் துடைத்து அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது. தம்பி எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அடுத்த ஆட்டத்துக்காவது வரட்டும்.