அய்யன்காளி ஓட்டிய வில்வண்டி

1956 வரை நம் திற்பரப்பும் திருவிதாங்கூர்ப் பகுதிதான். அதனால் அய்யன்காளியை வேற்று மாநிலத் தலைவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

1863 ஆகஸ்ட் 28-ல் திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து அப்போது எட்டே ஆண்டுகள். அதை ஒழித்தது மன்னரின் விளம்பரம். மன்னர் கையெழுத்திட்டால் சட்டம். விவாதம், வாக்கெடுப்பு எதுவும் கிடையாது.

1865-ல் பொதுச் சாலைகள் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று அரசு அறிவித்தது. பிறகு வழக்கு உயர்நீதிமன்றம் போனது. ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு என்று நீதிமன்றம் பிரித்துவிட்டது. சட்டத்துக்கு நீதிபதி சொல்லும் பொருளும் சட்டம்தான். அந்த ஒரு சொல்லில் பல தெருக்கள் அடைபட்டன. திறந்திருந்த ராஜவீதியிலும் நடந்தால் அடிதான்.

1893-ல் அய்யன்காளி வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக அதில் போனார். புதிய சட்டம் எதையும் அவர் கேட்கவில்லை. இருந்த சட்டத்தைத் தெருவில் ஓட்டிக் காட்டினார்.

1907-ல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று 1910-ல் அரசாணை வந்தது. ஆணை என்பது மன்னர் விளம்பரமும் அல்ல, சபையின் சட்டமும் அல்ல. அதிகாரிக்கு அரசு இடும் கட்டளை. அதிகாரி அசையாவிட்டால் அது அலமாரியில் தூங்கும். ஊருட்டம்பலம் பள்ளிக்குச் சிறுமி பஞ்சமியை அவரே அழைத்துப் போனார். பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையேல் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகள் வேலைநிறுத்தம் செய்ததும் அவர் தலைமையில்தான்.

எழுதப் படிக்கத் தெரியாத அவர் 1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை, குறை சொல்லலாம் அவ்வளவுதான். அங்கே நிலமும் பள்ளியும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1936 நவம்பர் 12-ல் கோயில்கள் திறந்ததும் மன்னர் விளம்பரத்தால்தான். 1941 ஜூன் 18-ல் அய்யன்காளி மறைந்தார்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எந்த ஆணையும் எந்தச் சட்டமும் அதை மீற முடியாது. ஆனால் தண்டனை என்ன என்பதை நாடாளுமன்றம்தான் தனிச் சட்டமாக இயற்ற வேண்டியிருந்தது. இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர, 1955-ல் ஒரு சட்டம் வந்தது; 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். புகாரை வேண்டுமென்றே கிடப்பில் போடும் அரசு ஊழியருக்கும் சிறை உண்டு என்கிறது அதன் 4-வது பிரிவு. அய்யன்காளி காலத்து அதிகாரிகளுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.