9 தமிழ்ச் சிறுமிகளுடன் தொடங்கிய பள்ளி: யார் இந்த சோஃபியா பிளாக்மோர்?

புக்கிட் தீமா வட்டாரத்தில் 'பிளாக்மோர் டிரைவ்' என்று ஒரு சாலை இருக்கிறது. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி இருப்பது அங்கேதான். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோர் பலரும் அந்தப் பெயரைத் தினமும் கடந்து போகிறார்கள். யார் அந்த பிளாக்மோர்?

பள்ளியை ஆரம்பித்தவர் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் பள்ளி நடத்துவதற்காகச் சிங்கப்பூர் வந்தவர் அல்ல. இயேசுவுக்காக வாழ வேண்டும் என்று வந்தவர். அது அன்றாட வாழ்க்கையில் எப்படி இருந்தது என்பதுதான் அவருடைய கதை.

எப்படி வந்தார்?

சோஃபியா பிளாக்மோர் 1857இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கௌல்பர்ன் என்ற ஊரில் பிறந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த இசபெல்லா லியோனார்ட் என்ற அம்மையாரை அவர் சந்தித்தார். வாழ்க்கை அங்கே திரும்பியது.

அதே காலத்தில் சிங்கப்பூரில் மெதடிஸ்ட் ஊழியம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெண்களிடம் போய்ப் பேச ஒரு பெண் வேண்டும். அதற்குப் பணம்? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மேரி நைண்ட் என்பவர் தம் சபைப் பெண்கள் சார்பில் 3,000 டாலர் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஆக, அனுப்பியது அமெரிக்கப் பெண்கள், வந்தது ஆஸ்திரேலியப் பெண்.

1887 ஜூலை 16ஆம் தேதி அவர் சிங்கப்பூரில் இறங்கினார். வயது 29. கல்யாணம் ஆகவில்லை. கடைசிவரை செய்துகொள்ளவும் இல்லை.

கேட்டது தமிழர்கள்

வந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. இங்கிருந்த தமிழர்கள் சிலர் தங்கள் மகள்களுக்குப் படிப்பு வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதி ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் தமிழ்ப் பெண்கள் பள்ளி தொடங்கியது. மாணவிகள் 9 பேர். அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1887இல் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது இந்த ஊரில் சாதாரண விஷயம் கிடையாது. அப்படியிருந்தும் முதலில் வந்து கேட்டவர்கள் தமிழ் அப்பாக்கள். நம்மவர்களின் இந்தப் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கதவு கதவாக

தமிழர்கள் தேடி வந்தார்கள். பெரனாக்கான் குடும்பங்களில் நிலைமை வேறு. வயசுக்கு வந்த பெண்ணை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு, அவள் என்ன சம்பாதிக்கவா போகிறாள் என்ற எண்ணம்.

பிளாக்மோர் வீடு வீடாகப் போனார். வேண்டாம் என்றால் அடுத்த வீடு. வெள்ளைக்காரப் பெண்மணி வெயிலில் நடந்து வந்து நிற்பதை வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. கடைசியில் பெரனாக்கான் குடும்பம் ஒன்று தம் வீட்டிலேயே வகுப்பு நடத்த இடம் கொடுத்தது. 1888இல் 8 சிறுமிகளோடு அங்கே தொடங்கியது டெலோக் ஆயர் பெண்கள் பள்ளி. இன்றைய ஃபேர்ஃபீல்ட் மெதடிஸ்ட் பள்ளிகளின் வேர் அதுதான்.

பேச மொழி வேண்டுமே? பெரனாக்கான் வீடுகளில் புழங்கிய பாபா மலாயைக் கற்றுக்கொண்டார். ஏதோ நாலு வார்த்தை இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து பாட்டிமார்களோடு பேசும் அளவுக்குக் கற்றார்.

மெதடிஸ்ட் என்றால்?

மெதடிஸ்ட் என்பதே முதலில் கேலிப் பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் வெஸ்லியும் நண்பர்களும் நேரம் வைத்து ஜெபிப்பார்கள், நேரம் வைத்து உபவாசம் இருப்பார்கள், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்ததால் மற்ற மாணவர்கள் கிண்டலாக வைத்த பெயர் அது.

பிளாக்மோர் அந்த வழியில் நடந்தவர். பக்தி என்றால் உணர்ச்சிவசப்படுவது மட்டும் இல்லை. காலையில் ஜெபம், பிறகு வகுப்பு, பிறகு வீட்டுச் சந்திப்பு, சாயங்காலம் விடுதிப் பிள்ளைகள். மறுநாளும் அதேதான்.

ஆம், விடுதியும் இருந்தது. 1890களில் தாயில்லாப் பிள்ளைகள், போக்கிடம் இல்லாத பிள்ளைகள், தூரத்திலிருந்து படிக்க வந்தவர்கள் எல்லாரும் அவருடன் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். பின்னாளில் அந்த வீட்டுக்கு நைண்ட் இல்லம் என்று பெயர். 3,000 டாலருக்கு வாக்குக் கொடுத்தாரே, அந்த அம்மையாரின் பெயர்தான்.

ஒரு விடுதியில் என்ன வேலை இருக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல், சண்டை, சோறு, துணி. இதைப் பார்த்துக்கொள்வதையும் பைபிள் சொல்லிக்கொடுப்பதையும் அவர் இரண்டு வேலையாகப் பிரிக்கவில்லை.

மதம் மாற்றத்தானே வந்தார்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்தப் பெண்கள் இயேசுவை அறிய வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அதை அவர் மறைக்கவும் இல்லை. பெற்றோருக்கும் அது தெரியும். படிப்பு வேண்டும், பைபிள் வேண்டாம் என்று நினைத்தவர்களும் பிள்ளையை அனுப்பினார்கள். அனுப்பாமல் இருந்தவர்களும் உண்டு. இந்த இழுபறி அவர் இருந்தவரை தீரவில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போதும் அது உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் ஒன்று: கிறிஸ்தவர் ஆகாத மாணவிகளுக்கும் அதே பெஞ்சில் இடம் கிடைத்தது.

விடுதிப் பெண்களும் பெரனாக்கான் குடும்பங்களும் மலாய் மொழியில் கூடி வழிபட்டார்கள். 1894இல் உருவான அந்தச் சபைதான் இன்று லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் கம்போங் காப்போர் மெதடிஸ்ட் தேவாலயம்.

இன்று எங்கே பார்க்கலாம்?

சோஃபியா ரோடு, மவுண்ட் சோஃபியா எல்லாம் அவர் பெயரில் வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர் வருவதற்கு முன்பே அந்தக் குன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது.

சுமார் 40 ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு 1920களின் கடைசியில் அவர் ஆஸ்திரேலியா திரும்பினார். அங்கேயே 1945 ஜூலையில் காலமானார். அப்போது சிங்கப்பூர் ஜப்பானியர் கையில், 'சியோனான்' என்ற பெயரில் இருந்தது. 2014இல் சிங்கப்பூர்ப் பெண்கள் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போனால் அங்கே ஒரு தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கும். 9 சிறுமிகள் படிக்கத் தொடங்கிய அதே தெருவில், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் தமிழில் ஆராதனை நடக்கிறது.