வானில் ஒரு வங்கப் பெண்மணி

மணப்பந்தலில் மணமகளுக்கு அருந்ததியைக் காட்டுவது நம் முன்னோர் வகுத்த வழக்கம். கற்பின் பேரால் வானில் இடம்பெற்ற அம்மாதரசியை யாவரும் அறிவோம். கல்வியின் பேரால் அங்கு இடம்பெற்ற பாரதப் பெண்மணி ஒருவரும் உளர். அவரே பிபா சௌத்ரி அம்மையார்.

1913ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவர், 1936இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். பின்னர் பேராசிரியர் தேவேந்திர மோகன் போஸ் அவர்களுடன் அண்டக்கதிர்களை ஆராயத் தொடங்கினார். விண்ணிலிருந்து இரவு பகலாகப் பொழியும் இக்கதிர்கள் கண்ணுக்குப் புலப்படா. ஆயினும் புகைப்படத் தட்டிற் பட்டால் சுவடு பதித்துச் செல்லும். காற்று அடர்த்தி குறைந்த டார்ஜிலிங் மலைப்பகுதியில் தட்டுகளை நெடுநாள் வைத்து, இலத்திரனிலும் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுடைய மெசோன் என்னும் துணிக்கையின் சுவடுகளை இருவரும் கண்டறிந்தனர். 'நேச்சர்' சஞ்சிகையும் அவர்தம் கட்டுரைகளை வெளியிட்டது.

அந்தோ! உலகப் போரின் காரணமாக மேலான தட்டுகள் கிடைக்கவில்லை, பணி தடைப்பட்டது. போருக்குப் பின் இங்கிலாந்தில் செசில் பவெல் என்பார் சிறந்த தட்டுகளைக் கொண்டு அம்முறையை வளர்த்து, 1950இல் நோபல் பரிசு பெற்றார்.

அம்மையார் மனந் தளர்ந்தாரல்லர். மான்செஸ்டரில் அறிஞர் பிளாக்கெற்றின் ஆய்வுகூடத்தில் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1949இல் பம்பாய் தாதா ஆராய்ச்சி நிலையத்தில் ஹோமி பாபா அவர்கள் இவரை முதற் பெண் ஆராய்ச்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நிகழ்ந்த ஆய்விலும் பங்குகொண்டார். 1991இற் காலமானார். விஞ்ஞானக் கழகம் எதுவும் அவரை அங்கத்தவராகத் தெரிந்தெடுத்திலது.

2019இல் சர்வதேச வானியற் சங்கம், இந்தியாவிலிருந்து வந்த பெயரை ஏற்று, விண்மீன் ஒன்றுக்குப் 'பிபா' எனப் பெயரிட்டது. ஒளிக்கற்றை என்பது அதன் பொருள். வெறுங் கண்ணுக்கு அம்மீன் தோன்றாது, தொலைநோக்கி வேண்டும். அம்மையாரின் பெருமையும் அத்தகையதே.

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே! அவருக்குக் குறைந்தது அறிவுமன்று, உழைப்புமன்று, தக்க கருவியே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விஞ்ஞானம் பயில விழையும் நம் பெண்களுக்கு நூலும் கருவியும் வீட்டாரின் சம்மதமும் குறையாமற் காப்போமாக. அருந்ததியைக் காட்டும் கை, பிபாவையும் காட்டட்டும்.